படகு கவிழும் காட்சி

தொலைக்காட்சித் தொடரில் படகு கவிழ்ந்தது. அடுத்த காட்சியிலேயே கதாநாயகி கரையில் நின்று வளையல்களை உடைத்து, பொட்டை அழித்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? நாளைக்குக் காரியம். நீங்கதான் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறீங்க," என்றாள் வேதவல்லியின் நாத்தனார் தமயந்தி. அவள் மடியில் வெள்ளைப் புடவை இருந்தது.

வேதவல்லியின் கணவன் போன படகும் ஆற்றில் கவிழ்ந்ததுதான். உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அவளுக்கென்ன! புருஷனா நடிச்சவன் இந்நேரம் தலையத் துவட்டிட்டு டீ குடிச்சிட்டிருப்பான். ஒங்கண்ணன எனக்கு யாரு காட்டுனா? ஆத்துல எறங்கித் தேடிக் கொண்டா. அப்புறம் என் கையத் தொடு."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். இன்னொரு டஜன் கண்ணாடி வளையல்களை எடுத்து, தமயந்தி பார்க்கப் பார்க்க, முழங்கைவரை ஏற்றிக்கொண்டாள்.