சொந்த அனுபவம்

"காசு வாங்கிட்டுத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"ஆமா மேடம்."

விளம்பரக் கண்காணிப்பு அலுவலகத்தின் விசாரணை அதிகாரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த எந்த இணைய வீடியோக்காரியும் இவ்வளவு லேசில் ஒப்புக்கொண்டதில்லை. மழுப்புவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்று பூச்சாண்டி காட்டுவார்கள். இவளோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பவுடர் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

பக்கத்தில் இருந்த நீரிழிவுப் பொடிக் கம்பெனியின் வக்கீலுக்குத்தான் பதறியது.

"மேடம், அது அவங்களோட சொந்த அனுபவம். அதோட, விளம்பரம்னு கடைசியில போட்டுத்தான் இருக்கோம்."

அதிகாரி கணினியில் அந்த வீடியோவை ஓட்டினாள். திரையில் இதே பெண் வாயெல்லாம் பல்லாகப் பேசினாள்.

"காசுக்காக எதையும் சொல்றவ நான் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். சர்க்கரை இருக்கறவங்க தைரியமா ஊசியை விட்டுட்டு இந்தப் பொடிக்கு மாறுங்க. நான் இருக்கேன்."

முடியும்போது மூலையில் ஏதோ மின்னி மறைந்தது.

"இதுதான் நீங்க போட்ட விளம்பரம்ங்கற வார்த்தையா சார்? பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும் போல" என்றாள் அதிகாரி. வக்கீல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரி வீடியோக்காரியிடம் திரும்பினாள். புகார் தொலைபேசியில் வந்தது. கொடுத்தவர் பெயர் விசாரிக்கும் அதிகாரிக்கும் தெரியக் கூடாது என்பது விதி; கோப்பில் எண் மட்டும்தான் இருந்தது. குறித்துக்கொண்ட எழுத்தர் சொன்னது இவ்வளவுதான்: தங்கையைப் பறிகொடுத்த ஓர் அக்கா, பேச முடியாமல் பேசினாள். அதைக் கேட்டதிலிருந்து அதிகாரிக்கு மனசே ஆறவில்லை.

"ஒரு பொண்ணு உங்க பேச்சை நம்பி ஊசியை நிறுத்திட்டா. மாசம் திரும்பறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா இது இன்னும் ஓடிட்டிருக்கு?"

வக்கீல் குறுக்கே விழுந்தார். "வீடியோ கம்பெனிக்குச் சொந்தம் மேடம். ஒப்பந்தப்படி இவங்களே நினைச்சாலும் எடுக்க முடியாது. எங்க பக்கங்கள் எல்லாத்துலயும் ஓடுது. நீங்க எடுக்கச் சொன்னா நாங்க ரெண்டு தரப்பும் மேல்முறையீடு போவோம்."

"நான் போகலை" என்றாள் வீடியோக்காரி.

வக்கீல் அவளை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

அதிகாரி உத்தரவைச் சொன்னாள். எல்லாப் பக்கங்களிலிருந்தும் வீடியோவை உடனே எடுக்க வேண்டும். மேல்முறையீடு போனாலும் அது முடியும்வரை ஓடக் கூடாது. காசு வாங்கித்தான் சொன்னேன், யாரும் ஊசியை நிறுத்தாதீர்கள் என்று இவள் வாயாலேயே சொல்லி இன்னொரு வீடியோ போட வேண்டும்.

வக்கீல் பையைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று வெளியேறினார்.

"இன்னிக்கே போயிடுமா மேடம்?" என்று கேட்டாள் வீடியோக்காரி. "ஒரு இடத்துலகூட மிச்சம் இருக்காதே?"

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் உயிர் போயிருக்கிறது, இவளுக்குப் பார்வையாளர் கணக்கு போய்விடுமே என்ற கவலை. விதிகளில் அபராதம் உண்டு, உத்தரவு உண்டு. இந்த மாதிரி நெஞ்சழுத்தத்துக்கு என்ன இருக்கிறது?

புகார் கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும். அதை இவள் போனபின் செய்வதுதான் முறை. ஆனால் அதிகாரி அப்போதே தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"உட்காருங்க. ஸ்பீக்கர்ல போடறேன். அந்த அக்கா அழறதை நீங்களும் காது குளிரக் கேட்டுட்டுப் போங்க."

"வேண்டாம் மேடம்."

"ஏன், கஷ்டமா இருக்கா?"

வீடியோக்காரி எழுந்து வந்து, அதிகாரியின் கையில் இருந்த தொலைபேசியை மெல்லப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"புகார் கொடுத்தது நான்தான் மேடம். நிஜமாவே ஊசி வேண்டாமா அக்கான்னு அவ எங்கிட்டதான் வந்து கேட்டா. காசு வாங்கினதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம். கூடப் பிறந்தவகிட்டகூட நான் சொல்லலை."