படத்தில் இல்லாத சாப்பாடு

சாலவாக்கம் ஏரிக்குக் கீழே பெண்கள் வரிசையாக நாற்று நடுகிறார்கள். நடுவில் நிற்கிற பவளத்துக்குப் பதினாறு வயது. உத்திரமேரூர் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்த படத்தை, குனிந்தபடியே சொல்லிக்கொண்டு வருகிறாள். மாமியாரின் வசனத்தை மாமியார் குரலிலேயே பேசுகிறாள், பெண்கள் சிரிக்கிறார்கள். அவளுக்குப் பிடித்தது கடைசிக் காட்சிதான். கொட்டகை மணலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவள், அந்த அழுகைக்காகவே இன்னொரு தரம் போகவேண்டும் என்றிருக்கிறாள். “உச்சி வெயில்ல அந்தப் பொண்ணு கெணத்தாண்ட போவுது…” என்கிறாள். யாரும் ‘ம்’ கொட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. பக்கத்தில் நடுகிற மங்கம்மாவின் மகளைப் போன சித்திரையில் புருஷன் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் தூக்கினார்கள். மங்கம்மா நிமிரவில்லை. அவள் கையிலிருக்கிற நாற்றுமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சேற்றுநீரில் பட்ட வெயில் எல்லார் முகத்திலும் ஆடுகிறது. “அப்பால?” என்று மங்கம்மாவே கேட்கிறாள். பவளம் குனிந்தபடியே சொல்கிறாள். “கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துக்கினு நின்னுச்சு அத்தே. அப்பால பஸ் ஏறி அம்மா வூட்டுக்கு வந்துடுச்சு.” அதே படத்தைப் பார்த்தவர்கள் வரிசையில் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. மங்கம்மா நாற்றைப் பிரித்து மெல்ல ஊன்றுகிறாள். “வந்த பொண்ணுக்கு அவங்கம்மா இன்னா ஆக்கிப் போட்டா?” “சுடுசோறு அத்தே. கருவாட்டுக் கொழம்பு.” பவளம் அடுத்த நாற்றை எடுக்கிறாள். “ரெண்டு வாட்டி வாங்கித் துன்னுச்சு.”