வழியில் ஒரு வீடு

அணைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே வாயைக் கொடுக்கக் கூடாது என்று, வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மேஜையில் நடந்த அநியாயம் அவரை விடவில்லை.

அங்கே உதவி இன்ஜினியர் அம்மாவின் கம்ப்யூட்டரில், மண் அணையின் உபரித் தண்ணீர்க் கால்வாய் வெள்ளக் கணக்கில் தோற்றுப்போய்ச் சிவப்பாக நின்றது. பெரிய இன்ஜினியர் குனிந்து கெஞ்சினார்.

"'இளகின மண்'னு இருக்கறதை 'கெட்டி மண்'னு மாத்திடும்மா. சிவப்பு பச்சையாயிடும்."

"சாஃப்ட்வேர்ல பச்சையாயிடும் சார். மண்ணு கெட்டியாயிடுமா? தோண்டிப் பார்த்தது நான். பெருவெள்ளம் வந்தா கால்வாயை அரிச்சு அரிச்சு அணையையே தின்னுடும். கீழ ஒரு ஊரே இருக்கு."

"கால்வாயை அகலமாக்கினா கரையில இருக்கற அந்த வீடு போயிடுமேம்மா!"

"போகட்டும்."

"யாரு வீடுன்னு யோசிச்சியா?"

"தண்ணி ஆள் பார்த்தா சார் வருது?"

டிராஃப்ட்ஸ்மேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வெக்கமா இல்ல சார்? எவனோ பெரிய மனுஷன் வீட்டுக்காக ஊரையே காவு கொடுப்பீங்களா? யாரு அந்தப் பெரிய மனுஷன்? விலாசத்தைச் சொல்லுங்க, நானே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

பெரிய இன்ஜினியர் அந்த அம்மாவைப் பார்த்தார்.

அந்த அம்மா கால்வாயின் அகலத்தைக் கூட்டி, பட்டனைத் தட்டினார். திரை பச்சையானது.

"எங்கேயும் போக வேண்டாம் சார், என்னையே கேளுங்க" என்றார். "போன மாசம்தான் குடி போனோம்."