டம்ளர் தட்டு

காலையில் சமையலறைக்குள் நுழைந்த பூங்கோதை காபி மூலையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். மேலே இருக்க வேண்டிய டம்ளர் தட்டு அவள் தோள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

புழங்குகிறவரின் உயரத்துக்குத் தானாகவே மாறிக்கொள்ளும், சொன்னதைக் கேட்டுப் பதிலும் பேசும் இயந்திர மூலை அது. தேக்குப் பலகை, பித்தளை ஃபில்டர், டபராக்களின் மேல் விழும் மஞ்சள் வெளிச்சம் எல்லாமே கணவர் சபேசன் பார்த்துப் பார்த்து அமைத்தவை. டம்ளர் தட்டை மட்டும், தான் புழங்கும் காலம்வரை தன் உயரத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தார்.

"எனக்கு எட்டலைங்க!"

"எட்டிட்டா என்னை எதுக்குடி கூப்பிடப் போறே, குள்ளச்சி?"

தினமும் கூப்பிட்டாள். தினமும் வந்து எடுத்துக் கொடுத்தார். முதல் டிகாஷன் காபியையும் அவளுக்கே கொடுத்தார்.

அவர் இறந்த பிறகு அவள் டம்ளரைத் தேடவில்லை. டபராவிலேயே குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதானேம்மா, இனிமே நீயே டம்ளர் எடுத்துக்கலாம்" என்றாள் பின்னாலேயே வந்த மகள் வெண்பா.

பூங்கோதை தட்டைப் பார்த்து, "மேலே போ" என்றாள்.

"அந்த உயரத்தில் இப்போது இந்த வீட்டில் யாரும் இல்லையே" என்று மூலை பணிவாகச் சொன்னது.

வெண்பா பதறிப்போய் அதை அணைக்க ஓடினாள். பூங்கோதை தடுத்தாள். மெல்லக் கையை நீட்டினாள். டம்ளர் சுலபமாகக் கைக்கு வந்தது.

அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எட்டிடுச்சுங்க."