ஆழம் பார்த்த மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த ஆனந்தகுமார், கவிநயாவோடு தனியாகப் பேச பால்கனிக்குப் போனான். சற்று நேரத்தில் அங்கே குரல்கள் உயர்ந்தன. உள்ளே இருந்த கவிநயாவின் அம்மா செண்பகம் பால்கனிக் கதவருகே வந்து காதைக் கொடுத்தாள்.

"பூர்வீகம் மலைதாங்க. அதுல என்ன சந்தேகம்?"

"மேலோட்டமா பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க! ஆழத்துல என்ன இருக்குன்னு தெரியுமா?"

இந்த வரனும் போச்சு என்று பதறிக் கதவைத் திறந்தாள் செண்பகம். மண் ஆராய்ச்சியாளர்களான இருவரும் தரையில் உட்கார்ந்து, கவிநயா நீலகிரியில் தோண்டியெடுத்த மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"அஞ்சடி தோண்டியும் பாறை தட்டல. கூழாங்கல் எல்லாம் உருண்டை. மலைப்பாறை உடைஞ்சு உண்டான மண் இல்ல, ஆறு கொண்டுவந்த வண்டல்தான் இது!" என்றாள் கவிநயா.

ஆனந்தகுமார் ஒரு கல்லை உருட்டிப் பார்த்தான்.

"ஆமாங்க, நான்தான் தப்பு. வண்டல் வகையிலேயே சேர்த்துடுங்க."

கவிநயா நிமிர்ந்தாள். "அம்மா, எனக்குச் சம்மதம்!"