பச்சைக் கூரை

மேலப்பாளையத்துக்கே முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கி, ‘வீடு வரைந்து தரப்படும்’ என்று போர்டும் மாட்டிய எஞ்சினியர் கணேஷ்ராம், ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பீடி இலை வியாபாரி தாஜ் முகம்மது வந்தார். கணேஷ்ராம் கடை போட்டிருந்த தெருவில் பாதிக் கட்டடம் அவருடையது.

“தம்பி, ஒரு ஓட்டுக் கூரை. அடியில பலகை போட்டு இலை மூட்டை அடுக்கணும். நடுவுல குறுக்கும் சாய்வுமா நிக்குத மரச்சட்டமெல்லாம் இடைஞ்சலா இருக்கு. எடுத்துரலாமான்னு இதுல பாத்துச் சொல்லுங்க.”

அவர் சொன்ன அளவுக்குக் கணேஷ்ராம் கூரையை வரைந்து, நடுச் சட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். மிச்சமிருந்த சட்டமெல்லாம் சிவப்பாகிவிட்டது.

“செவப்பு வந்தா என்ன அர்த்தம்?”

பாரம் தாங்காமல் விழுந்துவிடும் என்று அர்த்தம். அதைச் சொன்னால் வந்த ஒரே ஆளும் எழுந்து போய்விடுவார்.

“அது சும்மா கலர் அண்ணாச்சி. வேணும்னா மாத்திக்கிடலாம்.”

ஒரு தட்டுத் தட்டினார். கூரை பச்சையாகிவிட்டது.

“அப்ப எடுக்கலாம்ங்கியளா?”

“தாராளமா எடுங்க. கம்ப்யூட்டரே சொல்லிட்டுல்லா.”

தாஜ் முகம்மதுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏலே பூதலிங்கம், எஞ்சினியர் சரின்னுட்டாரு. உள்ள வா.”

தச்சன் பூதலிங்கம் ரம்பமும் ஏணியுமாக உள்ளே வந்து, கணேஷ்ராமின் மேசையை ஒட்டி ஏணியைச் சாத்தினான். கணேஷ்ராம் அண்ணாந்து பார்த்தார். அவர் அழித்த சட்டங்கள் அத்தனையும் தலைக்கு மேலே நின்றன.

“கீழ கம்ப்யூட்டர் இருக்கு” என்றார் தாஜ் முகம்மது. “தூள் விழாம பைய அறு.”