பின் இருக்கை

"இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளப்பா. முன்னுக்கு ஒரே சேறு. பிறகு என்னைக் குறை சொல்லப்படாது" என்று சொல்லிக்கொண்டே நித்தியானந்தன் குவாட் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

மோட்டார் சைக்கிள் போன்ற அந்த வண்டியின் நான்கு பெரிய சில்லுகளும் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய், ஒருவழியாக மணல் பாதையில் ஏறின. பைன் மரக்காடு முடிந்து சதுப்பு நிலம் தொடங்கியது. வடக்கு ஜேர்மனியின் அந்த மூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும் கோரைப் புல்லும்தான். மனித நடமாட்டம் மருந்துக்கும் கிடையாது.

அந்தக் காட்டைப் பராமரிக்கும் நிலையத்தில்தான் அவருக்கு வேலை. குவாட்டில் சுற்றி வந்து வாய்க்கால்களில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். நாரைகளின் சத்தத்தைப் பதிவு செய்ய மரங்களில் கட்டியிருக்கும் பெட்டிகளுக்குப் பற்றரி மாற்ற வேண்டும். ஊரில் சைக்கிளே ஒழுங்காக ஓட்டத் தெரியாத மனிதர், ஐம்பத்தெட்டு வயதில் இந்த வண்டியில் ஏறினால் ராசாதான். காலையில் அவர் ஆசையோடு எழும்புவதே இந்தச் சவாரிக்காகத்தான்.

ஒரு மரத்தடியில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்.

"இந்த முறையும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகேல்லையெண்டு தங்கச்சிக்குக் கோவம், காந்தி. நீயே சொல்லு. அங்கை போனா கண்ட கண்ட ஆக்களெல்லாம் துருவித் துருவிக் கேப்பினம். ஆருக்கு மறுமொழி சொல்லுறது? எங்களுக்கு இந்தக் காடு காணும்."

சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினார்.

"குடியப்பா, ஆறப்போகுது. என்ன, சீனி காணாதோ? சரி விடு, நானே குடிக்கிறன்."

பின்னேரம் நிலையத்துக்குத் திரும்பியபோது, பொறுப்பாளர் யூலியா வாசலிலேயே காத்திருந்தாள். அவள் ஜேர்மன்காரி. அவளுடன் பேச்செல்லாம் ஜேர்மன் மொழியில்தான்.

"உள்ளே வாருங்கள், நித்தி. நாரைச் சத்தம் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டது இதுதான்."

கணினியைத் தட்டினாள். நாரை ஒன்று கத்தியது. அதற்கு மேலாக நித்தியானந்தனின் குரல் தெளிவாக வந்தது. "இஞ்சை பார் காந்தி, ரெண்டு குஞ்சு. அந்தப் பத்தைக்குள்ளை. வடிவாப் பார்."

அவருக்கு முகம் செத்துவிட்டது. பெட்டிக்குள் பறவைச் சத்தம் மட்டும்தான் பதியும் என்று நினைத்த தன் புத்தியை நொந்துகொண்டார்.

"உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் காந்தி என்ற பெயர் எல்லாப் பெட்டியிலும் வருகிறது. யார் அது?"

நித்தியானந்தன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

"என் மனைவி."

"பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வெளியாட்களை ஏற்றிப் போகக் கூடாது. தெரியும்தானே? வண்டி கவிழ்ந்து அவருக்கு ஒன்று நடந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வது?"

"தெரியும். பிழைதான்."

"இன்னொரு முறை அந்தப் பெயர் பதிவில் வந்தால் குவாட் சாவியை வாங்கிவிடுவேன். பிறகு உங்களுக்கு வேலை களஞ்சிய அறைக்குள்தான்."

சாவி போனால் தன்னிடம் மிச்சமென்று எதுவும் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"இனி ஏற்றமாட்டேன்" என்றார் மெதுவாக.

அவர் நின்ற கோலத்தைப் பார்த்து யூலியாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை இங்கே விருந்து இருக்கிறதல்லவா, அதற்கு அவரைக் கூட்டி வாருங்கள். இத்தனை வருடமாகக் கண்ணில் காட்டவே இல்லையே. பதிவிலும் உங்கள் குரல் மட்டும்தான் கேட்கிறது. பாவம், அவரை வாய் திறக்கவே விடமாட்டீர்கள் போலிருக்கிறது" என்று சிரித்தாள்.

"அவளுக்குக் கூச்சம்" என்றார் நித்தியானந்தன். தானும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் காலை, காட்டுப் பாதைக்கு வாசல் கதவாக இருக்கும் மரப் படலையடியில் குவாட்டை நிறுத்தினார். அதைத் தாண்டினால் முதல் பெட்டி. எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பினார்.

"இறங்கப்பா. என்னோடை கோவிக்காதை. யூலியா ஏசிப்போட்டா. உள்ளுக்கை வந்தாலும் உன்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேலாது. நீ இந்தப் படலையடியிலை நில்லு. பின்னேரம் வரேக்கை ஏத்திக்கொண்டு போறன்."

தங்கச்சிமாரை ஒவ்வொருவராகக் கரைசேர்ப்பதிலேயே வயது போய், கடைசிவரை கலியாணமே கட்டாமல் இருந்துவிட்ட நித்தியானந்தன், ஒருநாளும் எவரும் ஏறியிராத அந்தப் பின் இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டு, வாய் திறக்காமல் காட்டுக்குள் போனார்.